காப்புக் கட்டிய ஊரின் கோல்கீப்பர்

1

மதுரையிலிருந்து போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பள்ளியில் படித்தபோது நான் ஆடிய மகளிர் கால்பந்துக் கழகம் இப்போது தொழில்முறை அணியாகிவிட்டது. வீராங்கனைகளுக்குச் சம்பளம், ஒப்பந்தம், விடுதி எல்லாம் உண்டு. தேசிய லீகில் ஆடுகிறார்கள். புதிய மேலாளர் எழுதியிருந்தார்: இணையதளத்துக்கு ஒரு பக்கத்தில் கழகத்தின் வரலாறு வேண்டும், முதல் அணித்தலைவி நீங்கள்தானாமே, எழுதித் தர முடியுமா?

முடியும் என்று உடனே பதில் போட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, வரவேண்டும் என்ற ஆசையும் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி போய், பிசியோதெரபி படித்து, இப்போது வடக்கு இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். காலையில் மகள் யாழினியைப் பள்ளியில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய், மாலை வரை மற்றவர்களின் முழங்கால்களை மடக்கி நீட்டுவதுதான் என் நாள். இந்த இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கழகம். அதன் வரலாற்றை நான் எழுதாமல் யார் எழுதுவது?

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. மேலாளருக்கு வேண்டியது கோப்பைகள், ஆண்டுகள், ஸ்பான்சர் பெயர்கள். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் வேறு.

2

கழகம் தொடங்கியது ஒரு கண்மாய்க்குள். கோடையில் தண்ணீர் வற்றியபின் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு, நான்கு மூங்கிலை நட்டு, எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் மலர்க்கொடி அக்கா எங்களை ஆடவைத்தார். டீச்சர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "டீச்சர்னா பெரம்பு தூக்கணும்டி, அக்கான்னே கூப்பிடுங்க" என்பார். மழை வந்து கண்மாய் நிறைந்தால் எங்கள் சீசன் முடிந்தது. விவசாயிகளுக்குச் சந்தோஷம், எங்களுக்குத் துக்கம்.

திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர். சோழவந்தான் பக்கத்திலிருந்து சிலர், விளாங்குடியிலிருந்து இரண்டு பேர். ஒரு கபடி அணிக்குத் தைத்து வேண்டாமென்று விட்ட பனியன்தான் எங்கள் முதல் ஜெர்சி. இந்த அளவுக்கு மேலாளர் ஒத்துக்கொள்வார். கண்மாய், மூங்கில், பனியன் எல்லாம் இணையதளத்தில் அழகாக இருக்கும்.

ஒத்துக்கொள்வாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது அடுத்த பகுதி. முதன்முதலாக ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றோம். ஆட்டம் திருச்சியில். முந்தின நாளே போய்த் தங்கவேண்டும். அந்த வாரம் எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள்.

நகரத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கொட்டு அடித்துக் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். அந்தக் கொட்டுச் சத்தம் கேட்கும்போது ஊர் எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோரும் கட்டுப்பட்டவர்கள். அடுத்த செவ்வாய் திருவிழா முடியும்வரை பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், வரலாம். இரவு மட்டும் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவர்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

அணித்தலைவி உட்பட ஐந்து பேர் ஊருக்குள் மாட்டிக்கொண்டோம். மலர்க்கொடி அக்கா மீதி ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திருச்சி போனார். விதிப்படி ஏழு பேர் இருந்தால் ஆடலாம். ஆடினார்கள். எத்தனை கோல் வாங்கினோம் என்று அக்கா கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் காப்பு வேன் வந்தது. எந்தெந்த ஊரில் என்றைக்குக் காப்பு என்பது கோயில்காரர்களுக்கு முன்பே கொட்டடிப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைத்தானே முதலில் பேசி வைக்கவேண்டும்? அக்கா தன் போனில் கொட்டுக்காரர்கள் நம்பரை வைத்திருந்தார். "அண்ணே, அடுத்த செவ்வா எந்த ஊருக்குப் போறீக?" என்று கேட்டுக்கொள்வார். காப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வேன் அந்த ஊருக்குப் போகும். ஆட்டக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்துவிடும். ஊரில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கொட்டு அடிக்கும்போது பிள்ளை ஊரில் இல்லை, அவ்வளவுதான். கழகம் வென்ற எல்லாக் கோப்பைகளுக்கும் பின்னால் அந்த வேன் இருக்கிறது.

நான் இப்போது இருக்கும் நகரத்திலும் ஒரு மகளிர் கால்பந்துக் கழகம் உண்டு. சனிக்கிழமைகளில் யாழினியை அழைத்துக்கொண்டு போவேன். நடைபாதைச் சுவரில் பழைய புகைப்படங்கள். தொழிற்சாலைப் பெண்கள் தலையில் துணித் தொப்பியோடு வரிசையாக நிற்கிறார்கள். பிறகு படமே இல்லாமல் ஒரு நீண்ட வெற்றிடம். பெண்கள் ஆட இந்த நாட்டில் மைதானம் கொடுக்கக் கூடாது என்று அரை நூற்றாண்டு தடுத்துவைத்திருந்தார்கள். அந்த வெற்றிடத்தை அவர்கள் மறைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் வேன் கதையையும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பாதி எழுதியிருந்தபோது தங்கச்சி போன் செய்தாள்.

3

தங்கச்சி பாண்டீஸ்வரி அந்தக் கழகத்தின் கோல்கீப்பர். என்னைவிட எட்டு வயது இளையவள், என்னைவிட நன்றாக ஆடுபவள். இதைச் சொல்வதிலும் எனக்கு அடக்கம் கிடையாது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. இங்கே காலை ஒன்பது மணி, மருத்துவமனை வாசலில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மாட்டிக்கிட்டேன்க்கா."

"எங்கடி? என்ன ஆச்சு?"

"வீட்லதான். காப்புக் கட்டிட்டாங்க."

"நீ எதுக்கு இன்னைக்கு வீட்ல இருக்க? வேன் வரலையா?"

"வேனெல்லாம் இப்ப ஏதுக்கா? சாரு ரெண்டு நாள் ரெஸ்ட்டுன்னு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாரு. நாளைக்குக் காலைல பெங்களூர் ட்ரெயின். இன்னைக்குச் சாயங்காலம் வந்தாப் போதும்னாரு. எப்பவும் இருட்டுனப்பறம்தானே கட்டுவாங்க, நாலு மணிக்குக் கெளம்பிரலாம்னு இருந்தேன். இந்த வருசம் ராகு காலத்துக்கு முன்னாடியே கட்டிரலாம்னு பூசாரி சொல்லிட்டாராம். குழாயடில பூட்ஸக் கழுவிக்கிட்டு இருக்கேன், டம்முன்னு கொட்டுச் சத்தம்."

"மலர்க்கொடி அக்கா எங்க?"

"அக்காவ ஏதோ கோச்சிங் கோர்ஸுக்கு வெளியூர் அனுப்பிருக்காக. இருந்திருந்தா விடுவாங்களா?"

வேனை யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. மேலாளர் கேரளாக்காரர். பெரிய கழகங்களில் வேலை பார்த்தவர். பயிற்சி, உணவு, ஓய்வு எல்லாவற்றுக்கும் கணினியில் அட்டவணை போட்டுவைத்திருந்தார். அந்த அட்டவணையில் கொட்டுக்காரருக்கு ஒரு கட்டம் இல்லை. பெண்கள் களைத்திருக்கிறார்கள் என்று நல்லெண்ணத்தில் விடுமுறை கொடுத்து, போகவே கூடாத ஒரு நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பெங்களூரில் ஆட்டம். அதற்கடுத்த வாரம் கழகம் இரண்டு வருட ஒப்பந்தங்களை முடிவுசெய்யப்போகிறது. வெளிமாநிலத்திலிருந்து இன்னொரு கோல்கீப்பரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இருப்பதோ ஒரு இடம்.

"அப்பாக்கிட்ட நீ பேசுக்கா. நீ சொன்னாக் கேப்பாரு" என்றாள் பாண்டி.

4

மதிய இடைவேளையில் அப்பாவுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டு, தூரத்தில் வைத்து, கத்திப் பேசுவது அவர் வழக்கம். இங்கிலாந்து வெகுதூரம் இல்லையா?

"சொல்லுத்தா. புள்ள சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டாப்பா. பாண்டி விசயம் பேசணும்."

"தெரியும். படிச்ச புள்ள நீ, நீயே சொல்லு. என்ன செய்யலாங்கிற?"

அவள் போகட்டும் என்று சொல்லத்தான் போன் செய்தேன். சொல்ல வாய் வரவில்லை.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது காப்புக் கட்டுவது ஊருக்குள். எங்கள் தெரு ஊருக்கு வெளியே. கொட்டுச் சத்தம் எங்கள் தெருவுக்கும் கேட்கும், கட்டுப்பாடும் உண்டு. முளைவிட்ட தானியச் சட்டியைப் பெண்கள் தலையில் சுமந்து போகும் முளைப்பாரி வரிசையில் மட்டும் எங்களுக்கு இடம் கிடையாது. நான் திருச்சிக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தது அப்படிப்பட்ட ஒரு காப்புக்காக. அதன்பிறகு அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் தெருவிலேயே காளியம்மன் கோயில் கட்டினார்கள். களத்துமேட்டில் வேலை முடித்து வந்து செங்கல் சுமந்தார்கள். இப்போது எங்கள் தெருவுக்குத் தனிக் காப்பு, தனிக் கொட்டு, தனி முளைப்பாரி. அப்பா விழாக் கமிட்டியில் இருக்கிறார்.

"என்னாத்தா பேச்சக் காணோம்?" என்றார் அப்பா.

"யோசிக்கிறேன்ப்பா."

"அடுத்தவன் கட்டுன காப்புக்கே அடங்கிக் கெடந்தோம். இது நம்ம கட்டுன காப்பு. இத நம்ம வீட்லயே மீறுனா, நாளைக்கு எவன் மதிப்பான்?"

 

பிறகு அவரே கேட்டார். "பெங்களூரு எம்புட்டுத் தூரம்?"

"ஃப்ளைட்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப்பா."

"அப்ப காலைல போயிட்டு ராத்திரிக்குத் திரும்பீரலாம்ல? ராத் தங்குறதுதானே தப்பு. போகக் கூடாதுன்னு எவன் சொன்னது?"

எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. ஆனால் தனியாக முடிவெடுக்க மாட்டேன், கமிட்டியில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். கமிட்டியில் நடந்ததைப் பிறகு பாண்டி நடித்தே காட்டினாள்.

"ஏரோப்ளேன்ல போயி ஏரோப்ளேன்ல வாராளாக்கும்? நல்லாருக்குடா ஒஞ் ஞாயம்" என்று பெரியப்பா கேட்டாராம்.

"ஏண்ணே, மைக்செட்டுக்காரப் பய தெனம் ஒத்தக்கடைக்குப் போயிட்டு வாரான்ல? அது மாதிரித்தான். இவ கொஞ்சம் தள்ளிப் போறா" என்றாராம் அப்பா.

"கொஞ்சம் தள்ளி!" என்று எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். சிரித்தபிறகு யாரும் மறுக்கவில்லை. இரவுக்குள் எல்லைக்கு வந்தாகவேண்டும் என்பதோடு கூட்டம் முடிந்தது.

5

ஊர் ஒத்துக்கொண்டது. மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அணியோடு பயணம் செய்யாத யாரும் ஆடக் கூடாது என்பது கழகத்தின் விதி. பாண்டி கேட்டபோது, மூடநம்பிக்கைக்கெல்லாம் அட்டவணையை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் நானே அவரிடம் பேசினேன். ஏழு பேர் ஆடிய இறுதி ஆட்டத்தைச் சொன்னேன். வேனைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், இது ப்ரொஃபஷனல் கிளப். இதொக்கே முந்தி நடந்த காரியம்."

"சார், உங்க ஊர்ல சபரிமலைக்கு மாலை போட்ட பையன் ஒருத்தன் உங்க டீம்ல இருந்தா, அவனுக்கு மீன் குழம்பு வைப்பீங்களா?"

"அது வேறே, மேடம்."

"எப்படி சார் வேறே?"

 கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. என் கேள்விக்கு எழுத்தில் பதில் தேடுகிறாரோ என்று நினைத்தேன். விமான நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பதாவது நிமிஷம் அவளை வெளியே எடுக்கணும். இல்லேன்னா பெங்களூர் டிராஃபிக்கில் ஃப்ளைட் போயிடும்" என்றார்.

"எடுத்துடுங்க சார்."

"ஒரு காயமும் இல்லாத கோல்கீப்பரை எண்பதாவது நிமிஷம் வெளியே எடுத்தா என்னை எல்லாரும் பைத்தியம்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும் சார்."

சிரித்தார். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார், அதில் நியாயம் இருந்தது. இந்த ஒரு தடவை சரி. ஒப்பந்தம் வேண்டுமென்றால் சீசன் முழுக்க விடுதியில்தான் இருக்கவேண்டும், யாருக்கும் தனிச் சலுகை கிடையாது.

6

வெள்ளிக்கிழமை ஆட்டம் இங்கிலாந்து நேரப்படி காலை பத்து மணிக்கு. இடைவேளையை மாற்றிக்கொள்ள மருத்துவமனைக் கணினியில் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருந்தவற்றில் பொருந்தியது ‘குடும்ப அவசரம்’. மேற்பார்வையாளர் பதறிப்போய் வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். யாருக்கும் இல்லை, தங்கை இன்றிரவு ஊர் திரும்பியாக வேண்டும் என்றேன். விளக்கச் சொன்னார். விளக்கினேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அவள் நன்றாக ஆடுவாளா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

யாழினிக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஆறு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சித்தி என்ன தப்புச் செய்தாள் என்று காலையில் கேட்டாள். வெளியே தங்கக் கூடாது என்றால் அவளுக்கு அது தண்டனை. தண்டனை இல்லை, திருவிழா என்றேன். அப்படியென்றால் ஏன் அம்மாச்சி அழுதார்கள் என்று கேட்டாள். முந்தின நாள் வீடியோ அழைப்பில், பாண்டி ராத்திரிக்குள் வந்துசேர வேண்டுமே என்று பேசிக்கொண்டே அம்மா கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அடுப்புப் புகை என்று சொல்லிவைத்தேன். ஊரில் கேஸ் அடுப்பு வந்து பல வருடமாகிறது.

ஓய்வறையில் உட்கார்ந்து போனில் ஆட்டத்தைப் பார்த்தேன். பாண்டி பிரமாதமாக ஆடினாள். முதல் பாதியில் நிச்சயமான இரண்டு கோல்களைத் தடுத்தாள். இரண்டாம் பாதியில் ஒன்று புகுந்தது. நம்மவர்கள் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று.

எண்பதாவது நிமிடம் அவள் எண்ணைக் காட்டிப் பலகை உயர்ந்தது. பந்து எதிர்ப்பக்கத்தில் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. பாண்டி பலகையைப் பார்த்தாள், கோலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடிவந்தாள். அவள் நடந்து வரவில்லை, முழு வேகத்தில் ஓடிவந்தாள். கோல்கீப்பருக்குக் காயம் போலிருக்கிறது என்றார் வர்ணனையாளர். காயம்பட்டவர்களைப் பார்ப்பதுதான் என் தொழில். அப்படி ஓடுகிறவளுக்கு எந்தக் காயமும் இல்லை.

வெளிமாநிலப் பெண் உள்ளே போனாள். குளிர்ந்துபோன உடம்போடு இறங்கியவள், பாவம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு கார்னர். அவள் கைக்கு மேலே போனது. தோற்றோம்.

7

மறுநாள் பாண்டி பேசினாள். இருட்டி வெகுநேரம் கழித்து எல்லைக்கு வந்து சேர்ந்ததாகச் சொன்னாள். அப்பா டிவிஎஸ் வண்டியோடு நின்றிருந்தாராம்.

"என்ன கேட்டாரு?"

"சாப்ட்டியான்னு கேட்டாரு. மேட்சப் பத்தி ஒண்ணும் கேக்கல."

"டீம்ல?"

"காருல போகும்போதுதான் தோத்துட்டோம்னு தெரிஞ்சது. ஜெர்சியோட ஏர்போர்ட்ல உக்காந்திருக்கேன். ஒருத்தன் செல்பி கேக்குறான், ஜெயிச்சீங்களா மேடம்னு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யாரும் என்னைய ஒரு வார்த்த சொல்லலக்கா. சாரு போன் பண்ணி, நல்லா ஆடுன, ஒப்பந்தம் தயாராருக்கு, வந்து கையெழுத்துப் போடுன்னாரு. மலர்க்கொடி அக்காவும் பேசுனாங்க. திட்டிருந்தாக்கூடப் பரவால்ல."

"போடப் போறியா?"

"ஆமா. விடுதியிலதான் இருக்கணும். அடுத்த வருசம் கொட்டு அடிக்கும்போது நான் ஊர்ல இருக்க மாட்டேன்க்கா. அதுக்கடுத்த வருசமும். அப்பாக்கிட்டக் காலைல சொல்லிட்டேன்."

நான் ஊரைவிட்டு வரும்போது யாரிடமும் இப்படிச் சொல்லவில்லை. மேல்படிப்புக்கு விண்ணப்பித்தேன், விசா வந்தது, கிளம்பினேன். எனக்கான முளைப்பாரியை எந்த வருடத்திலிருந்து போடாமல் விட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. ஊரைவிட்டு யாரும் விரட்டுவதில்லை. கொட்டு அடிக்கும்போது நாம் இல்லை என்பது ஒருமுறை நடக்கிறது, பிறகு அதுவே வழக்கமாகிறது. பாண்டி அதைத் தெரிந்தே செய்கிறாள். அவள் செய்வது சரி என்றுதான் நான் நினைக்கிறேன், அவளிடமும் சொன்னேன்.

"அப்பா என்னடி சொன்னாரு?"

"இந்தப் போன்ல வீடியோ எப்டி எடுக்கன்னு கேட்டாரு. சொல்லிக்குடுத்தேன்."

செவ்வாய்க்கிழமை திருவிழா. மதியம் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் வீடியோ வந்தது. ஆட்டமாய் ஆடுகிறது, பாதி நேரம் தரைதான் தெரிகிறது. பிறகு கொட்டுச் சத்தத்தோடு பெண்கள் வரிசை. நடுவில் பாண்டி, பச்சைப் பட்டுப்பாவாடையும் தாவணியும். தலையில் முளைப்பாரி ஒரு முழம் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. விமானத்தைப் பிடிக்க ஓடியவள் இங்கேயும் கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கிறாள், முன்னால் போகிறவளை இடித்துவிடுவாள் போல. அப்பா தெரியவில்லை. போனுக்குப் பக்கத்திலிருந்து அவர் குரல் மட்டும் கேட்கிறது.

"மெதுவா நடத்தா. ஒரு அவசரமும் இல்ல, மெதுவா நட."